முதலாளியைக் கேள்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். நீ, உன் மனைவி, குட்டிப்பெண் மூவரும் சுகமாக இருக்கிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆள் தேடி அலுத்து, இப்போது எல்லாரும் வைக்கிறார்களே அந்த ஏ.ஐ. ஏஜெண்ட், அதை வைத்துவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு திரை, ஒரு மைக். கேட்டால் பேசுகிறது. போனில் வரும் ஆர்டரையும் அதுவே எடுக்கிறது. லோடுமேன் அதற்குச் ‘சின்ன முதலாளி’ என்று பேர் வைத்திருக்கிறான்.

வைத்துக்கொடுத்த கம்பெனிக்காரன், “இதுக்குச் சில டூல் குடுத்திருக்கோம் மேடம். இருப்பு பாக்க ஒண்ணு, வண்டி அனுப்ப ஒண்ணு, சரக்கைத் திரும்ப வாங்க ஒண்ணு, இப்படி. ஒவ்வொண்ணும் என்ன செய்யும்னு ரெண்டு வரி எழுதிட்டா போதும். அதப் படிச்சுப் பாத்து அதுவா வேலை செஞ்சுக்கும். நாங்க எழுதுனா தனி சார்ஜ்” என்றான். தனி சார்ஜ் என்று காதில் விழுந்ததும் நானே உட்கார்ந்து எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன். ஆனால் அது செய்கிற காரியத்தைப் பார். நேற்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தர் ஒரே ஒரு ரப்பர் வாஷர் கேட்டார். வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

உன் வேலையே இந்த மாதிரிக் குறிப்புகளைச் சோதிப்பதுதானே. கொஞ்சம் பார்.

ஏன் கேட்கிறேன் என்றால், முட்டியில் ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் எலும்பு டாக்டர். தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகத்தில் வைப்பார்களாம். பம்புக்கு உதிரிபாகம் விற்கிறவளுக்கே உதிரிபாகம். பிறகு சில வாரம் படுக்கை. உன் அத்தானைக் கல்லாவில் உட்காரவைத்தால் நான் எழுந்து வரும்போது அவருடைய நல்ல மனசு இருக்கும், கடை இருக்காது. சின்ன முதலாளி தனியாக நிற்கப் பழகினால்தான் நான் படுக்க முடியும். மற்றபடி முட்டி அவ்வளவு மோசமில்லை.

பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். குட்டிக்குச் சளி, அது வருஷம் முழுக்க இருப்பதுதான். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கம்பெனிக்காரர்களிடம் பேசி உன் கடை ஏஜெண்டுக்கு என் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் பதிவதெல்லாம் அதிலும் தெரியும். அதில் நான் எதைக் கெடுத்தாலும் உன் கடையில் ஒரு ஆணி நகராது.

என் வேலையை வீட்டில் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நீதான். ஏஜெண்டுக்கு உன் சரக்கும் தெரியாது, தெருவும் தெரியாது. கருவியின், அதாவது அந்த டூலின், மேல் ஒட்டிய சீட்டை மட்டும் படித்துவிட்டு எதை எடுப்பது என்று முடிவு செய்யும். அந்தச் சீட்டு அதற்கு உதவுகிறதா, குழப்புகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரே காரியத்தைப் பத்து விதமாகக் கேட்போம். சரியான கருவியை எடுக்கிறதா, பக்கத்தில் இருப்பதை எடுக்கிறதா, எதையுமே எடுக்கக்கூடாத இடத்தில் சும்மா இருக்கிறதா. அந்தக் கடைசிச் சோதனையில்தான் பெரிய பெரிய கம்பெனிக் குறிப்புகள் எல்லாம் விழும்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு நானும் அவளும் சிரித்தோம். ‘வண்டி அனுப்பு’ என்பதற்கு நீ எழுதியது: “வாடிக்கையாளர் மனம் குளிர இதைவிடச் சிறந்த வழி இல்லை. எந்த நேரமும், எந்தச் சரக்கும், எவ்வளவு தூரமும்.” ‘கடையில் கொடு’ என்பதற்கு எழுதியது: “வந்து வாங்கிக்கொள்ளலாம்.” நீ ஏஜெண்டாக இருந்தால் எதை எடுப்பாய்? அக்கா, நீ எழுதியது கடை போர்டு. போர்டைப் படிப்பவன் பாதியை நம்பமாட்டான். இது அப்படியே நம்பும்.

ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வரி சேர். எப்போது எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியுமா முடியாதா. அது போதும்.

முட்டி பற்றி டாக்டர் தேதி சொன்னாரா?

அன்புத் தம்பி

*

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. குட்டிக்கு மருந்தை மாற்றிப் பார்.

உன் புத்திமதியைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. நான் கடை போட்ட நாளிலிருந்து வாயில் வராத ஒரே வார்த்தை ‘இல்லை’. கேட்ட சரக்கு கையில் இல்லையென்றால் “நாளைக்கு வாங்க” என்போம், “இதைவிட நல்லது இருக்கு” என்போம். ‘எங்களால் ஆகாதவை’ என்று எவனாவது போர்டு எழுதிக் கடை நடத்துவானா? ஆனாலும் நீ சொன்னபடி எழுதினேன். “கடைக்கு உள்ளே நிற்பவருக்கு வண்டி கூடாது. கையில் தூக்க முடிகிற சரக்குக்கு வண்டி கூடாது. வண்டி கிளம்பிவிட்டால் கூப்பிட முடியாது.” எழுதும்போது நாக்கில் கசந்தது.

பலன் இருக்கிறது. ‘அவசரம்’ என்று ஒரு பிளம்பர் வருவானே, நீ பார்த்திருப்பாய், வாயைத் திறந்தாலே அவசரம். நேற்று வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

“பம்பு போச்சு, கேஸ்கெட் வேணும், சொட்டுத் தண்ணி இல்ல, நாலு மாடி ஜனமும் என்னைத் தின்னுடும். உடனே வண்டி அனுப்பு!”

“நீங்க கேட்ட கேஸ்கெட் உங்களுக்கு முன்னாடி மேசையில இருக்கு. கையிலயே எடுத்துட்டுப் போகலாம்.”

அவன் என்னைப் பார்த்தான். “யாரு அக்கா இதுக்குச் சொல்லிக் குடுத்தது? வாய் அப்படியே உங்களுது.”

‘திரும்ப எடு’, ‘மாற்றிக் கொடு’ இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தேன் என்று இப்போதுதான் கண்ணில் பட்டது. அதையும் பிரித்துவிட்டேன். இன்னும் என்னென்ன ஓட்டை என்று நீ பார்.

தேதியா? பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை கொஞ்சம் நெருக்கடி. மற்றபடி எல்லாரும் நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

புதிய குறிப்புகளைச் சோதித்துவிட்டேன். வண்டி இப்போது தேவைக்குத்தான் போகிறது. திரும்ப எடுப்பதையும் மாற்றுவதையும் குழப்பவில்லை. ஒரு கெட்ட வாடிக்கையாளன் மாதிரி நடித்து, பாதி தேய்ந்த பேரிங்கைக் கொடுத்துப் பணம் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டது. அத்தானாக இருந்தால் பணத்தோடு தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருப்பார்.

புரியாத விஷயம் ஒன்றுதான். ‘இருப்புப் பார்’ கருவியை அது சரியாகவே எடுக்கிறது, ஆனால் விடை விசித்திரமாக இருக்கிறது. பெரிய வால்வு கேட்டால் இல்லை. மூன்று இஞ்ச் பைப் இணைப்பு இல்லை. மோட்டார் சுருள் இல்லை. நகலில் ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் இல்லை என்று வருவதெல்லாம் மாடியில் இருக்கும் சரக்கு. கீழே உள்ள சரக்கு ஒன்றுகூடக் குறையவில்லை.

மாடிச் சரக்கு முழுக்க எப்படி ஒரே மாதத்தில் தீர்ந்தது?

தம்பி

*

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

சுகம். சுகமறிய ஆவல்.

மாடிச் சரக்கு ஓடிவிட்டது. சில மாதம் அப்படித்தான். வாங்கிப் போடவேண்டும்.

எதிர்க்கடைக்காரர் தன் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார். உள்ளே குளிர்சாதனம் வேறு. இரும்பு விற்பவனுக்கு எதற்கு இத்தனை மினுக்கு என்று உன் அத்தான் கேட்கிறார், ஆனால் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை உன் நலத்தை உபசாரத்துக்குக் கேட்கவில்லை.

விற்பனை விவரமும் நகலில் இருக்கிறது. மாடியில் இருந்த வால்வு ஒன்றுகூட விற்கவில்லை. விற்காத சரக்கு எப்படி ஓடும்? ‘இல்லை’ என்று திரையில் பதித்தது நீ. குறிப்பில் நீ எழுதியிருப்பது “கடையில் என்ன இருக்கிறது என்று சொல்லும்”. அது இப்போது சொல்வது உன் கைக்கு எட்டுவது என்ன என்பதை மட்டும்தான். ஏஜெண்ட் மேல் தப்பில்லை, குறிப்பின் மேலும் தப்பில்லை.

உன்னால் மாடி ஏற முடியவில்லை. வாயில் ‘இல்லை’யே வராதவள் ஒரு மாடிச் சரக்குக்கே ‘இல்லை’ போட்டிருக்கிறாய் என்றால் வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

திட்டுவதற்கு எழுதவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் மறைக்காமல் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகமா? பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியிலிருந்தே மாடி ஏறவில்லை. காலையில் படுக்கையை விட்டு இறங்கினால் கால் தரையில் ஊன்ற நேரம் பிடிக்கிறது. கல்லா ஸ்டூலில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுவதில்லை. எழுந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முகம் வாடின வியாபாரியிடம் எவனும் பேரம் பேசாமல் போகமாட்டான். “நான் ஏறி எடுத்துட்டு வரேங்க்கா” என்று லோடுமேன் எத்தனையோ தடவை கேட்டான். “மேல எதுவும் இல்லடா” என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். போன வாரம் அவனை அனுப்பினேன். இரண்டு தடவை தப்பாக எடுத்து வந்தான், மூன்றாவது தடவை சரி. இத்தனை நாள் இதற்குத்தானா என்றிருந்தது.

டாக்டர் தேதி கொடுத்தார். தள்ளினேன். மறுபடி கொடுத்தார். மறுபடி தள்ளினேன். இனியும் தள்ளினால் மற்றக் கால் இதன் பாரத்தையும் சுமந்து கெட்டுவிடும் என்கிறார்.

ஏன் தள்ளினாய் என்பாய். சின்ன முதலாளி என்னை விட்டால்தானே? நீ மெச்சிக்கொள்கிற அந்தப் பிள்ளை எடுத்ததற்கெல்லாம் என்னைக் கூப்பிடுகிறது. ஸ்கேன் எடுக்கப் படுத்திருக்கிறேன், போன் அடிக்கிறது.

“போனை வெளிய வெக்கச் சொன்னேனேம்மா. யாரு அது?” என்றாள் நர்ஸ்.

“கடை.”

“கடையில யாரு?”

“யாருமில்ல. அதான் கூப்பிடுது.”

அரை இஞ்ச் பைப்பை இரண்டாக வெட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டது. “வெட்டிக் குடு” என்றேன். டாக்டர் எட்டிப் பார்த்து, “ஆபரேஷன் தியேட்டர்லயும் இப்படித்தானா?” என்றார். “மயக்கத்துல எப்படி டாக்டர் பேசறது? அதுக்குத்தான் தேதியத் தள்ளச் சொல்றேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சலிப்பாக இருக்கிறதடா. இதை உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இங்கே எல்லாம் அப்படியே.

உன் கடிதம் வந்த மறுநாளே பகல் முழுக்க உன் நகல் கடையில்தான் இருந்தேன். அடுத்த நாளும். ஏஜெண்ட் உன்னை எப்போதெல்லாம் கூப்பிடுகிறது என்று மட்டும் பார்த்தேன். விலை தெரிந்தாலும் கூப்பிடுகிறது. இருப்பு தெரிந்தாலும் கூப்பிடுகிறது. கடை எத்தனை மணிக்கு மூடும் என்று ஒருவர் கேட்டதற்கும் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டது.

எல்லாக் கருவியையும் சோதித்த நான் ஒன்றை விட்டுவிட்டேன். ‘முதலாளியைக் கேள்’. அதுவும் ஒரு கருவிதான் என்று தோன்றவே இல்லை. நீ எழுதியதை இங்கே எழுதுகிறேன்: “நம் கடையில் எதற்கும் பதில் உண்டு. சின்ன விஷயம், பெரிய விஷயம் என்று பார்க்காமல், தயங்காமல் கேட்கவும். எப்போதும் கிடைப்பார்.”

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ கம்பெனிகளின் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு மோசமான குறிப்பைப் பார்த்ததில்லை. எப்போது எடுக்கக்கூடாது என்று ஒரு வரி இல்லை. எடுத்தால் யாருக்கு என்ன சேதம் என்று இல்லை. கிடைக்காவிட்டால் பதிலுக்கு என்ன செய்வது என்று இல்லை. இப்படி ஒரு கருவி பக்கத்தில் இருந்தால் எந்த ஏஜெண்டும் சொந்தமாக எதையும் முடிவு செய்யாது. ஏன் செய்யவேண்டும்?

நானே மாற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. சின்ன வயசிலிருந்து நானும் இந்தக் கருவியை எடுத்துத்தான் பழக்கம். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட, காலேஜில் இடம் பிடிக்க, அவளைப் பற்றி வீட்டில் சொல்ல. எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ எழுது. நீ எழுதினால்தான் அது நிஜம். தேதியையும் அதிலேயே எழுது, பிறகு தள்ள முடியாதபடி.

தம்பி

*

மே 20

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? குட்டிக்குப் பள்ளி எப்போது திறக்கிறது?

எழுதிவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அதைப் பற்றி இரண்டு வரி எழுது என்றால் எப்படி இருக்கும்! முதலில் எழுதியது: “முதலாளி ஓய்வில் இருக்கிறார். ஆனாலும் மிக அவசரம் என்றால் மட்டும்.” உன் அத்தான் வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தார். “ஆனாலும்னு ஒண்ணு போட்டிருக்கியே, அந்தச் சந்துக்குள்ள ஒரு லாரியே வரும்” என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் கடை விஷயத்தில் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியதில் முழுக்க அதட்டல். அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

“முதலாளியைக் கேள்: இவர் மனுஷி. இடது முட்டி தேய்ந்து நடக்க முடியவில்லை. ஜூன் 3 முதல் டாக்டர் விடும்வரை கிடைக்கமாட்டார். இந்தக் கருவியை எடுக்காதே. எடுத்தாலும் பதில் வராது. மாடிச் சரக்குக்கு லோடுமேனைக் கேள். விலையில் தகராறு வந்தால் எழுதிய விலையைச் சொல்லி நிறுத்து. தெரியாததைத் தெரியாது என்று சொல். நம்மிடம் இல்லாததை எதிர்க்கடையில் கேட்கச் சொல். நீ எடுத்த முடிவால் நஷ்டம் வந்தால் அது கடையின் நஷ்டம். உன் மேல் பழி இல்லை.”

எதிர்க்கடை என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. ‘நடக்க முடியவில்லை’ என்பதை நான் முதன்முதலாகச் சொன்னது ஒரு மெஷினிடம். உன் அத்தான் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் தேதியை உறுதி செய்துவிட்டு வந்தார்.

நீ நகலில் சோதித்துப் பார்த்து, தேறினால் மாற்றிவிடு. இனி நீயாகக் கடிதம் எழுதினால்தான் உண்டு, என்னால் கொஞ்ச நாள் எழுத முடியாது.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதுவது.

உன் அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடவும்.

கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “கடை?” என்பது. மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று உள்ளதைச் சொன்னேன். மாணவர் விடுதிக்காரர், நமக்குப் பழைய வாடிக்கை, பெரிய பம்பு வேண்டும், விலையைக் குறை என்று நின்றிருக்கிறார். சின்ன முதலாளி எழுதிய விலையைச் சொல்லி நின்றுவிட்டது. “முதலாளியக் கூப்பிடு” என்று கத்தியிருக்கிறார். “அவங்க கிடைக்கமாட்டாங்க. நடக்க முடியாம ஆஸ்பத்திரியில இருக்காங்க” என்றதாம். அவர் எதிர்க்கடைக்குப் போய் வாங்கிவிட்டார். அங்கிருந்து வெளியே வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

பெரிய வியாபாரம் போச்சே என்று பயந்துகொண்டே சொன்னேன். “ம்” என்றாள். அப்படியே தூங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

உன்னிடமிருந்து ஏன் கடிதமே வரவில்லை என்று கேட்கிறாள்.

அத்தான்

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும்.

எங்கள் பிரிவை மார்ச் கடைசியில் மூடிவிட்டார்கள். குறிப்புகளைச் சோதிப்பதையும் இனி ஓர் ஏஜெண்டே செய்யும். போவதற்கு முன் மேலாளர் கூப்பிட்டு, “உங்க வேலையையே ஒரு கருவிக் குறிப்பா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. உங்கள விட்டா யாரு இவ்வளவு நல்லா எழுதுவா?” என்றார். எழுதிக் கொடுத்தேன். எப்போது எடுக்கலாம், எப்போது கூடாது, எங்கே தவறும், எல்லாம். நன்றாகவே எழுதினேன். அதுதான் வருத்தம்.

ஏப்ரலில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், வேலை போனதைச் சொல்லி. தபாலில் போடவில்லை. பிறகு நீ எழுதிய குறிப்பு வந்தது. “கிடைக்கமாட்டார். எடுக்காதே.” நகலில் சோதித்தேன், ஏஜெண்ட் ஒரு தடவைகூட உன்னைக் கூப்பிடவில்லை. அதை ஏஜெண்டுக்கு மட்டும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான் சொல்லியிருந்தால் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறியிருக்கமாட்டாய்.

வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கும். குட்டிக்கு இன்னும் சொல்லவில்லை.

நீ நன்றாகப் படுத்து எழு.

தம்பி

*

ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நான் தேறிவருகிறேன். சக்கரம் இல்லாத ஒரு கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்புகிறேன். வலி இருக்கிறது, ஆனால் இது வேறு வலி, ஆறப்போகிற வலி. உன் வீட்டில் மூவரும் சுகமா என்று கேட்கமாட்டேன்.

அது மெஷினுக்கு எழுதின குறிப்புடா மடையா. உனக்கா எழுதினேன்? இப்படித் திட்டிவிட்டுக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடிக்க மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏப்ரலிலேயே சந்தேகம் வந்தது. பகல் முழுக்க என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த நாளும் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். சம்பளம் கொடுக்கிற எந்த முதலாளி அதற்கு விடுவான்? வியாபாரிக்கு இது புரிய எத்தனை நேரம் ஆகும்? புரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தால் மூன்றாவது தடவையும் தேதியைத் தள்ளியிருப்பேன். எனக்குப் படுக்கவேண்டும் போல இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீ சொல்லாமல் இருந்தது எனக்காக. நான் கேட்காமல் இருந்ததும் எனக்காகத்தான். நீ என்னை உயர்த்தி நினைத்துக்கொள்வாயே என்று எழுதுகிறேன்.

படுத்தது நல்லதாயிற்று. அதையும் சொல்லவேண்டும்.

விடுதிக்காரர் இன்னும் நம்மிடம் திரும்பவில்லை. கடை நிற்கிறது. நஷ்டம் கொஞ்சம், தாங்குகிற நஷ்டம். சின்ன முதலாளி மீண்டும் என்னைக் கூப்பிடுகிற மாதிரி மாற்றட்டுமா என்று உன் அத்தான் கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நடந்ததை எழுதியிருக்கிறாய். என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. முன்பெல்லாம் நீ வாயைத் திறக்கும் முன்னே நானே ஊகித்து, வீடு பார்த்து, ஆள் பார்த்து, பாதி ஏற்பாட்டை முடித்திருப்பேன். நேற்றுகூட உன் அத்தானிடம் மேல் அறையை ஒழிக்கச் சொல்ல வாய் எடுத்தேன். அடக்கிக்கொண்டேன். இங்கே வர நினைக்கிறாயா, அங்கேயே வேறு வேலை தேட நினைக்கிறாயா, உன் மனைவி என்ன நினைக்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்யப்போவதில்லை.

நீ எழுது. என்ன வேண்டும், எதுவரை வேண்டும் என்று மூவரும் பேசிவிட்டு எழுது. என்னால் முடிந்தால் முடியும் என்று சொல்கிறேன். முடியாவிட்டால் முடியாது என்று சொல்கிறேன். இப்போது எனக்கு அதுவும் வருகிறது.

உன் அக்கா